செம்பருந்தின் கை

கொடுத்த தேநீரை அமராவதி தொடவே இல்லை. சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இஞ்சி தட்டிப் போட்டு அவரே கலந்த தேநீர். வானத்தில் பறக்கிறவர்களுக்குத் தரையில் கிடைக்கிற தேநீர் இறங்காதாக்கும் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, தன்னுடையதை மட்டும் உறிஞ்சிக் குடித்தார்.

சவரிமுத்துவைத் தெரியாத பிள்ளைகள் ஊரில் நிறைய உண்டு. அவர் வரைந்த செம்பருந்தைத் தெரியாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. இருநூறு வருடம் கழித்து, மேகங்களுக்கு மேலே கட்டப்பட்ட ஒரு நகரம். அங்கிருந்து தவறி விழுகிறவர்களைப் பாய்ந்து வந்து காப்பாற்றுகிற, செம்பழுப்புச் சிறகுள்ள ஒரு பெண். ஒன்பது வருடமாக ஓடுகிற சித்திரத் தொடர் அது. அவள் படம் போட்ட தண்ணீர் பாட்டில் இருந்தால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று அடம்பிடிக்கிற கூட்டம் இன்றைக்கும் இருக்கிறது. கதை எப்படிச் சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். விழப்போகிறவர் முன்னால் வந்து நின்று செம்பருந்து ஒரு கையை நீட்டுவாள். "கையைக் கொடு!" என்பாள். திரை முழுவதும் அந்தக் கை மட்டும் தெரியும். கொஞ்சம் வளைந்த சுண்டுவிரல், மணிக்கட்டில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. பிள்ளைகள் பேனாவால் தங்கள் மணிக்கட்டில் அந்தப் பிறையை வரைந்துகொண்டு அம்மாக்களிடம் அடி வாங்கினார்கள்.

மனிதர் முதுகில் பொருத்துகிற நிஜச் சிறகுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. ஐப்பசி பிறந்தால் ஏரியும் கடலும் ஒன்றாகச் சேர்ந்து சென்னைக்குள் புகுந்துவிடுகிற காலம் அது. படகு நுழைய முடியாத சந்துகளில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கி வருவதற்கென்று சிறகுப் படை ஒன்றை அமைத்தார்கள். அந்தப் படையில் ஒருத்திதான் இப்போது கோடம்பாக்கத்தில் சவரிமுத்துவின் ஸ்டூடியோவில், நாற்காலியில் சாய முடியாமல், சிறகுகளைப் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"டீ ஆறிடுச்சே மேடம்," என்றார் சவரிமுத்து, கொஞ்சம் குத்தலாகவே.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். என்னால டம்ளர் பிடிக்க முடியாது," என்றாள் அமராவதி.

அப்போதுதான் அவர் அவள் கைகளைப் பார்த்தார். மடியில் கிடந்தன. கிடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். அவள் முயன்று வலது கையைத் தூக்கியபோது முழங்கை எழுந்தது, விரல்கள் எழவில்லை.

சவரிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய் டம்ளரை அவள் வாயருகே பிடித்தார். அவள் கூச்சமில்லாமல் குடித்தாள். "இஞ்சி நல்லா தூக்கலா இருக்கு சார்," என்று சிரித்தாள்.

"என்னம்மா ஆச்சு கைக்கு?" மேடம் அம்மாவாகிவிட்டிருந்தாள்.

"சிறகு வந்துச்சு, கை போச்சு. அவ்ளோதான். மூளைக்குள்ள உடம்போட ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு இடம் இருக்காம் சார். கைக்குத்தான் இருக்கறதுலயே பெரிய இடம். சிறகுக்குன்னு இடமே கிடையாது, பொறக்கும்போது நமக்கு அது இல்லையே. அதனால கையோட இடத்தை எடுத்துச் சிறகுக்குக் கொடுத்துட்டாங்க. பறக்கப் பறக்கச் சிறகு நல்லா ஆவும், கை விட்டுப் போவும். சொல்லித்தான் செஞ்சாங்க, நானும் தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டேன்."

"அப்புறம் ஆளை எப்படித் தூக்குறீங்க?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். மாருல ஒரு பட்டை இருக்கு. ஆள் வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டா அதுவே அவங்க முதுகைச் சுத்திப் பூட்டிக்கும். ஆனா சுவர்கிட்ட ரொம்ப நெருங்கினா சிறகு அடிபடும். அதனால கடைசி ஒரு எட்டு அவங்கதான் எடுத்து வைக்கணும். நம்ம ஜனம் அந்த ஒரு எட்டு வைக்குதா சார்? போன வருஷம் ஒரு பெரியவர், இடுப்பு வரைக்கும் தண்ணி, 'ஆம்பளையா யாராவது இருந்தா அனுப்பும்மா'ன்னு நிக்கிறாரு."

சவரிமுத்து சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"பெரியவங்களைத் திட்டியாவது இழுத்துடலாம். புள்ளைங்க வேற மாதிரி. மொட்டை மாடில ஒரு பையன், ஏழு வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கையை நீட்டிட்டான். உங்க செம்பருந்து மாதிரியே. 'கட்டிக்கோடா, வந்து கட்டிக்கோ'ன்னு கத்துறேன். அவன் நீட்டின கையை மடக்கவே இல்ல. நான் பிடிப்பேன்னு அவ்ளோ நம்பிக்கை. எக்கி எக்கி, விழுந்துட்டான் சார். கீழ ஒரு படகு இருந்துச்சு, பொழைச்சான். அடுத்த தடவை படகு இருக்குமா?"

சவரிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"தொடர்ல அதை மட்டும் மாத்துங்க சார். கையைக் கொடுன்னு சொல்ல வேணாம். வந்து கட்டிக்கோன்னு சொல்லட்டும். நாங்க நூறு பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்றதை அவ ஒரு தடவை சொன்னாப் போதும். மழைக்கு இன்னும் நாலு மாசம்தான் இருக்கு."

நியாயமான பேச்சு. ஆனால் அவர் வாய், "தயாரிப்பாளர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா," என்றது.

அவர் கேட்கவில்லை. காரணம் அந்தக் கை.

அது ரோசலினுடைய கை. சவரிமுத்துவின் மனைவி. அவள் சிறுநீரகம் கெட்டு இறந்துபோன அடுத்த வருடம்தான் அவர் செம்பருந்தை வரைய உட்கார்ந்தார். முகம் யார் யாருடையதோ கலவை. கை மட்டும் யோசிக்காமலே வந்துவிட்டது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்த சுண்டுவிரல். கல்யாணமான புதிதில் தோசைக்கல் சுட்ட பிறைத் தழும்பு. சவரிமுத்துவுக்குச் சாலையைக் கடக்கப் பயம். ஆகாயத்தில் ஆட்களைப் பறக்கவிடுகிற மனிதர், ஆற்காடு சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக நடுங்குவார். ரோசலின் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் ஒரு கையை நீட்டுவாள். அவர் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான், சாலை கடந்துவிடும்.

முகத்துக்கு வீட்டில் நிறையப் படங்கள் இருக்கின்றன. கைக்கு யார் படம் எடுத்து வைக்கிறார்கள்? ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் அது திரை நிறைய வரும்போது, அவருக்கு அன்றைய சாலையைக் கடந்துவிட்ட நிம்மதி. அதைப் போய் எப்படி அழிப்பது?

அமராவதி மறுபடி போனில் கேட்டபோது, "அவர் ஒத்துக்கலம்மா," என்று கூசாமல் பொய் சொன்னார். அவள் வாதாடவில்லை. அது அவரை இன்னும் சங்கடப்படுத்தியது.

"பரவால்ல சார், இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க. எம் பொண்ணு பவழத்துக்குச் செம்பருந்து வரையற இடத்தைப் பார்க்கணுமாம். கூட்டிட்டு வரலாமா?"

பொய் சொன்னவனால் மறுப்பு வேறு சொல்ல முடியுமா? வரச் சொன்னார்.

பவழத்துக்கு ஆறு வயது. இரட்டைப் பின்னல், ஒன்று மேலே ஒன்று கீழே. அப்பா பின்னியது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சுவரை அடைத்து ஒட்டியிருந்த அந்தக் கைப் படத்தின் முன்னால் போய் நின்றாள். தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்கா கண்ணு?" என்று கேட்டார் சவரிமுத்து.

"ம். இவங்க எல்லாருக்கும் கை கொடுப்பாங்க. எங்கம்மா கொடுக்க மாட்டாங்க."

குறையாகக்கூடச் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பாகற்காய் பிடிக்காது என்று சொல்வது போலச் சொன்னாள். அமராவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புறப்படும்போது அவர் அவர்களுடன் வாசல் வரை போனார். அங்கேதான் எல்லாம் கெட்டது, அல்லது சரியானது. எதிர்ப்பக்கம் போக வேண்டும். வண்டிகள் விரைந்துகொண்டிருந்தன. பவழம், அப்பாவிடம் நீட்டுகிற பழக்கத்தில், அம்மா பக்கம் கையை நீட்டினாள். நீட்டிய பிறகு நினைவு வந்தது போலிருக்கிறது. கையை மெதுவாக மடக்கி, தன் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மா பார்த்துவிட்டாளோ என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு.

சாலை ஓரத்தில் பிடிக்க ஒரு கை இல்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று சவரிமுத்துவைவிட யாருக்குத் தெரியும்? தான் வரைந்த கைதான் இந்தக் குழந்தைக்கு அம்மாவைக் குறையாகக் காட்டுகிறது என்பதும் அந்த நிமிடம் புரிந்தது.

"உள்ள வாங்கம்மா," என்றார். "நான் தயாரிப்பாளரைக் கேட்கவே இல்ல. பொய் சொன்னேன். ஏன்னு கேட்காதீங்க. எப்படிக் கட்டிக்கணும்னு காட்டுங்க, வரையறேன்."

கோபப்பட அமராவதிக்கு எல்லா உரிமையும் இருந்தது. "காட்டணும்னா யாராவது என்னைக் கட்டிக்கணுமே சார்," என்றாள்.

சவரிமுத்து இரண்டடி பின்னால் போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற அந்தப் பெரியவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இருவரும் பவழத்தைப் பார்த்தார்கள்.

"சிறகை விரிச்சாத்தானே வரைய முடியும்? பட்டையைக் கழட்டலாமா?" என்று கேட்டார் அவர்.

"வீட்ல கழட்டக் கூடாதுன்னு விதி. ஒரு தடவை திரும்பினா டிவி, ஃபேன், பாத்திரம் எல்லாம் காலி. இங்க இடம் இருக்கு, கழட்டுங்க."

பட்டையை அவரே அவிழ்த்தார். சிறகுகள் விரிந்தபோது அறை இருண்டு மறுபடி வெளுத்தது. ஒன்பது வருடம் சிறகுகளை வரைந்தவர், நிஜச் சிறகை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தார். பவழமும்தான். அவள் பிறந்ததிலிருந்து அம்மாவைக் கட்டிவைத்த சிறகோடுதான் பார்த்திருக்கிறாள்.

"வா பவழம். ஒரு எட்டு வை, அம்மா கழுத்தைக் கட்டிக்கோ," என்று மண்டியிட்டாள் அமராவதி.

பவழம் தயங்கினாள். கட்டிப்பிடித்தால் திரும்பக் கட்டிக்கொள்ளாத அம்மா. அதில் என்ன சுகம் இருக்கும்? ஆனாலும் ஒரு எட்டு வைத்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்போது சிறகுகள் தாமாக மூடின. அமராவதி அதை நினைத்துச் செய்யவில்லை. குழந்தையின் முதுகைச் சுற்றி இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடி, வலது சிறகின் நுனி இறகு மட்டும் மெல்ல எழுந்து, பவழத்தின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகியது. விரல் செய்கிற வேலை அது. எந்தப் பறவையும் அதைச் செய்யாது.

"சார்," என்றாள் அமராவதி. "என் கை சார். என் கை இங்க இருக்கு."

"கையோட இடத்தைத்தானேம்மா கொடுத்தாங்க," என்றார் சவரிமுத்து. "அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் சேர்ந்துதான் வந்திருக்கும்."

சிறகுக்குள்ளிருந்து பவழத்தின் குரல் வந்தது. "அம்மா, உள்ள வெதுவெதுன்னு இருக்கு. மூடியே வெச்சிரு."

சவரிமுத்து பென்சிலை எடுத்தார். கண்ணீர் மறைத்ததில் முதல் நாலைந்து கோடுகள் கோணலாக வந்தன.

தயாரிப்பாளரிடம் மறுநாள் கேட்டபோது அவர் முழுதாகக் கேட்டுக்கூட முடிக்கவில்லை. "கட்டிப்பிடிக்கிற பொம்மையா? பிரமாதம் சார், பஞ்சு வெச்சுப் பண்ணலாம்!" என்று குதித்தார். இதற்காகவா இத்தனை நாள் பொய் சொன்னோம் என்று சவரிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசிக் காட்சியைப் புதிதாக வரைந்தார். செம்பருந்து இப்போது கையை நீட்டவில்லை. சிறகைப் பாதி விரித்து, "ஓடி வந்து கட்டிக்கோ!" என்றாள். சுவரிலிருந்த கைப் படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். சுவர் வெறுமையாகிவிட்டது. ரோசலினுக்கு இனி இடமில்லை என்பதை மனம் ஏற்க மறுத்தது. கடைசியில், வலது சிறகின் விளிம்பில், வெளிறிய இறகுகளால் சின்னதாக ஒரு பிறை வைத்தார்.

படத்தை முதலில் அமராவதிக்குத்தான் காட்டினார். "இது என்ன சார் பிறை?" என்று கேட்டாள்.

"சும்மாம்மா. ஒரு அழகுக்கு."

ஐப்பசி மழை அந்த வருடம் சவரிமுத்துவின் தெருவையும் விடவில்லை. இரண்டு மாடிக் குடியிருப்பு. தரைத்தளம் மூழ்கி, முதல் மாடி மூழ்கி, எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். கீழ்வீட்டு ஹமீதும் அவர் மகள் ஜெசிமாவும் சவரிமுத்துவும்தான் மிச்சம். மற்றவர்களை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். ஜெசிமா பழைய கடைசிக் காட்சி ஓடியபோது மணிக்கட்டில் பிறை வரைந்து அடி வாங்கியவள். இப்போது தோள்பட்டையில் வரைந்துகொண்டு அடி வாங்குகிறவள்.

சாம்பல் வானத்திலிருந்து செம்பழுப்பாக ஒன்று இறங்கியது. அமராவதி. அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இளைஞன் ஒருவன்.

"காத்து ஏறுது, கனமானவங்க முதல்ல வாங்க! சார், நீங்கதான்!" என்று கத்தினாள் அவள்.

சவரிமுத்து கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்றார். கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. தெருவா அது, இவ்வளவு அகலமாக எப்போது ஆனது? எதிரே ஒரு பெண் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் மறந்துபோனது.

சவரிமுத்து கையை நீட்டினார்.

தொடரையே மாற்றிய மனிதர், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர், மழையில் நனைந்த கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"அங்கிள்!" என்று பின்னாலிருந்து வீறிட்டாள் ஜெசிமா. "கை இல்ல அங்கிள்! கட்டிக்கணும்! நீங்கதானே வரைஞ்சீங்க!"

ஹமீது அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். அமராவதி சிரித்தாள். சவரிமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். நீட்டிய கையை மடக்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு எட்டு வைத்தார்.

காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கைகள் ஒரு கழுத்தைக் கட்டிக்கொண்டன. முதுகைச் சுற்றிப் பட்டை பூட்டிக்கொண்டது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவர் ஒரு மனித உடம்பைக் கட்டிக்கொண்டு.

"கண்ணைத் திறங்க சார், ஒண்ணும் ஆகாது," என்றாள் அமராவதி.

திறந்தார். அவர் முகத்துக்கு நேரே வலது சிறகு மேலெழுந்து இறங்கியது. அதன் விளிம்பில் வெள்ளைச் சாயத்தில் ஒரு பிறை.

"இது... இது எப்படிம்மா?"

"புள்ளைங்க பண்ண வேலை சார். பிறை இல்லாட்டி நீ செம்பருந்து இல்லன்னு ஒருத்தி கிட்டயே வரமாட்டேன்னுட்டா. அதான் படைல எல்லாருமே வரைஞ்சுக்கிட்டோம். அங்க பாருங்க."

அவர் பார்த்தார். இளைஞன் ஜெசிமாவை மார்புப் பட்டையில் பூட்டித் தூக்கி வந்துகொண்டிருந்தான். அவன் சிறகிலும் பிறை. தூரத்தில், மூழ்கிய கூரைகளுக்கு மேலே, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறகுகள் ஏறி இறங்கின. எல்லாச் சிறகிலும் ஒரு பிறை. ஹமீதை நோக்கி இன்னொரு சிறகு இறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரி அழகாத்தான் இருக்கு சார்."

"அழகுக்கு இல்லம்மா," என்றார் சவரிமுத்து. மழைத் தண்ணீரும் கண்ணீரும் வாய்க்குள் போயின. "அது ரோசலினோடது. தோசைக்கல்லு சுட்டது."

"யாரு சார் ரோசலின்?"

அவர் சொல்லத் தொடங்கினார். கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரல், ஆற்காடு சாலை, திரும்பிப் பார்க்காமல் நீளும் கை. இதுவரை யாரிடமும் சொல்லாததை எல்லாம் காற்றுக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னார். வெள்ளம் மொத்தமும் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. பள்ளிக்கூட மாடி வந்தது. பட்டை விடுபட்டது. கால் தரையில் பட்டது.

"சார், இறங்கிட்டோம்," என்றாள் அமராவதி.

"தெரியும்மா," என்றார் அவர், கையை எடுக்காமல்.

அவள் சிறகுகள் மெல்ல வந்து அவர் முதுகின்மேல் மூடின.